பங்காளிகளை உடைத்தவன்: தெமுஜின் செங்கிஸ் கான் ஆன கதை

1202இல் மங்கோலியப் புல்வெளியின் தாத்தார் இனத்தார் மீது படையெடுப்பதற்கு முன் தெமுஜின் தன் ஆட்களுக்கு ஓர் உத்தரவு போட்டான். எதிரியைத் துரத்திக்கொண்டு போகும்போது யாரும் குனிந்து எதையும் பொறுக்கக் கூடாது. குதிரையோ ஆடோ வெள்ளிப் பாத்திரமோ, எதுவானாலும் சண்டை முழுசாக முடியட்டும். எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்துப் பிறகு பங்கு பிரிக்கலாம்.

கேட்க எளிமையான உத்தரவு. ஆனால் அதுவரை புல்வெளியில் எந்தச் சண்டையும் அப்படி நடந்ததில்லை. எதிரி புறமுதுகு காட்டியதும் அவனவன் கிடைத்ததை வாரிக்கொள்வான். குலத்தலைவன் தன் பங்கைத் தன் குலத்துக்குக் கொண்டுபோவான். அதற்குள் தோற்றவன் தப்பித்து, அடுத்த வருஷம் திரும்பி வருவான். தலைமுறை தலைமுறையாக யாரும் யாரையும் முழுதாக வெல்லாமலேயே சண்டை ஓடிக்கொண்டிருந்தது.

உத்தரவை மூன்று பேர் மீறினார்கள். ஒருவர் தெமுஜினின் சொந்தச் சித்தப்பா தாரிதாய். இன்னொருவன் பெரியப்பா மகன் குச்சர். மூன்றாமவன் அல்தான், அவனும் நெருங்கிய பங்காளிதான். பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு முன் தெமுஜினைக் கானாக உயர்த்தியவர்களில் முன்னால் நின்றவர்கள் அல்தானும் குச்சரும். 'நாம் இல்லாமல் இவனுக்கு ஏது பதவி' என்று நினைத்திருப்பார்கள். தெமுஜின் ஆளனுப்பி அவர்கள் அள்ளியதை எல்லாம் பறிமுதல் செய்தான். பறிக்கப் போனவர்களில் ஒருவன் ஜெபே. முந்தைய ஆண்டுதான் எதிரி அணியிலிருந்து வந்து சேர்ந்தவன். சித்தப்பாவின் கையிலிருந்து கொள்ளைப் பொருளைப் பிடுங்க நேற்றைய எதிரியை அனுப்பினான் என்பதில் இந்த மனிதனின் அரசியல் முழுவதும் இருக்கிறது. அந்த மூவரும் கோபித்துக்கொண்டு எதிராளியிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

செங்கிஸ் கானின் வெற்றிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் குதிரை, கூட்டு வில், போலியாகப் பின்வாங்கும் தந்திரம். எல்லாம் உண்மை. ஆனால் ஹூணர்களிடமும் துருக்கியரிடமும் இருந்தவைதான் இவை. தெமுஜினிடம் தோற்ற தாத்தார், நைமன், மெர்கித் எல்லோரிடமும் அதே குதிரையும் அதே வில்லும் இருந்தன. அவனிடம் மட்டும் இருந்தது ரத்த உறவின் மேல் ஆழமான அவநம்பிக்கை. அந்த அவநம்பிக்கையை அவன் ஒரு நிர்வாக அமைப்பாகவே மாற்றினான்.

அந்த அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. அவன் இறந்த சில பத்தாண்டுகளுக்குள் மங்கோலியர்களே எழுதிவைத்த 'ரகசிய வரலாறு' எதையும் மறைக்கவில்லை. உலகை நடுங்கவைத்தவன் சிறுவயதில் நாய்க்குப் பயந்தவன் என்பதுகூட அதில் இருக்கிறது.

பிறந்தது 1162 வாக்கில், ஓனோன் நதிக்கரைப் பக்கம். தந்தை யெசுகெய், போர்ஜிகின் குலத்தின் சிறு தலைவன். தாய் ஹோலுனை ஒரு மெர்கித் இளைஞன் மணமுடித்து அழைத்துப்போகும் வழியில் யெசுகெய் தூக்கிவந்துவிட்டான். தெமுஜினுக்கு ஒன்பது வயதானபோது, ஒங்கிராத் குலத்துப் போர்த்தேயை அவனுக்குப் பெண் பேசி முடித்துவிட்டுத் திரும்பிய யெசுகெய், வழியில் தாத்தார்களின் விருந்தில் உட்கார்ந்தான். அவர்கள் பழைய பகையை மறக்கவில்லை; விஷம் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். யெசுகெய்யின் பின்னால் நின்ற தாய்ச்சியூத் பங்காளிகள், விதவையையும் சின்னஞ்சிறு பிள்ளைகளையும் விட்டுவிட்டு, ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஹோலுன் காட்டுப் பழமும் கிழங்கும் காட்டு வெங்காயமும் தோண்டிப் பிள்ளைகளை வளர்த்தாள். அந்தப் பஞ்சத்தில் ஒரு மீனுக்காகவும் ஒரு குருவிக்காகவும் தகராறு முற்றி, தெமுஜினும் தம்பி காசரும் மாற்றாந்தாய் மகன் பெக்தெரை முன்னும் பின்னும் நின்று அம்பெய்து கொன்றார்கள். 'நிழலைத் தவிர நமக்குத் துணை ஏது' என்று அந்தத் தாய் கதறித் திட்டியதை ரகசிய வரலாறு பக்கம் நிறையப் பதிவு செய்திருக்கிறது.

வளர்ந்துவரும் பையனைக் கண்டு பயந்த தாய்ச்சியூத்கள் பிறகு அவனைப் பிடித்துக் கழுத்தில் மரப்பலகை விலங்கு மாட்டினார்கள். ஒரு விருந்து இரவில் காவலாளியை அதே பலகையால் அடித்துவிட்டு ஓடியவனைத் தன் வீட்டுக் கம்பளி வண்டிக்குள் ஒளித்துக் காப்பாற்றியவர் சொர்கான் ஷிரா. தாய்ச்சியூத்களுக்கு ஊழியம் செய்த எளிய மனிதர் அவர். தேடி வந்தவர்களிடம் 'இந்த வெக்கையில் கம்பளிக்குள் எவன் உயிரோடு கிடப்பான்' என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாராம். பங்காளி வேட்டையாடுகிறான், வேலைக்காரன் காப்பாற்றுகிறான். இந்தப் பாடத்தை தெமுஜின் கடைசிவரை மறக்கவில்லை.

திருமணத்துக்குப் பின் அவன் செய்த முதல் அரசியல் காரியம், போர்த்தே சீதனமாகக் கொண்டுவந்த சேபிள் என்ற விலங்கின் கருநிற மென்மயிர்த் தோல் அங்கியைத் தந்தையின் பழைய நண்பன், கெரெயித் தலைவன் தொக்ருலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தது. விரைவிலேயே அந்த முதலீடு பலன் தந்தது. ஹோலுனை இழந்த கோபத்தை மறக்காத மெர்கித்கள் போர்த்தேயைக் கடத்திக்கொண்டு போனார்கள். தொக்ருலும், சிறுவயதில் சகோதர உறுதிமொழி எடுத்துக்கொண்ட நண்பன் ஜமுக்காவும் படை கொடுக்க, தெமுஜின் மனைவியை மீட்டான். மீண்ட கொஞ்ச காலத்தில் பிறந்தவன் மூத்த மகன் ஜோச்சி. அவன் யார் பிள்ளை என்ற கேள்வியை தெமுஜின் எழுப்பவே இல்லை. மற்றவர்கள் எழுப்பினார்கள். அது பின்னால் வரும்.

ஜமுக்காவோடு நட்பு நிலைக்கவில்லை. 1187 வாக்கில் தலான் பால்ஜுத்தில் நடந்த மோதலில் ஜமுக்கா வென்றான். ஆனால் பிடிபட்டவர்களை எழுபது கொப்பரைகளில் வேகவைத்தான் என்று ரகசிய வரலாறு சொல்கிறது. வெற்றி பெற்றவனிடமிருந்து ஆட்கள் தோற்றவனை நோக்கி வரத் தொடங்கியது அதன் பிறகுதான். வந்தவர்கள் பெரும்பாலும் குலப்பெருமை இல்லாதவர்கள்: மேய்ப்பர்கள், தச்சர்கள், பரம்பரை ஊழியர்கள்.

அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்தவன் கொல்லன் மகன் ஜெல்மே. அவனைப் பற்றி ஒரு காட்சி. தாய்ச்சியூத்களுடனான சண்டையில் தெமுஜினின் கழுத்தில் அம்பு பாய்ந்தது. இருட்டும்வரை ஜெல்மே காயத்தில் வாய் வைத்து ரத்தத்தை உறிஞ்சி உறிஞ்சித் துப்பிக்கொண்டிருந்தான். நடுநிசியில் கண் விழித்தவன் தாகம் என்றான். ஜெல்மே உடைகளைக் களைந்துவிட்டு எதிரியின் முகாமுக்குள் நுழைந்து, குதிரைப்பால் கிடைக்காமல், ஒரு வண்டியிலிருந்த தயிர்ப் பாத்திரத்தைத் தூக்கிவந்து தண்ணீர் கலந்து கொடுத்தான். ஏன் அம்மணமாகப் போனாய் என்று கேட்டதற்கு, 'பிடிபட்டால், உங்கள் பக்கம் ஓடிவர முயன்றேன், எங்கள் ஆட்கள் துணியை உருவிக் கொல்லப் பார்த்தார்கள் என்று எதிரியிடம் சொல்லலாமே' என்றானாம். விடிந்ததும் சுற்றிலும் ரத்தச் சேறாகக் கிடப்பதைப் பார்த்த தெமுஜின், கொஞ்சம் தள்ளித் துப்பியிருக்கக் கூடாதா என்று கேட்டதையும் எழுதிவைத்திருக்கிறார்கள்!

அதே சண்டையில்தான் ஜெபேயும் வந்தான். மலைமுகட்டிலிருந்து அம்பெய்தது யார் என்று தெமுஜின் கைதிகளிடம் கேட்க, 'நான்தான்' என்று ஒப்புக்கொண்டவன். மறைக்காமல் சொன்னவன் நம்பத்தக்கவன் என்று அவனைச் சேர்த்துக்கொண்டான். இருபது வருஷம் கழித்து காஸ்பியன் கடலைச் சுற்றி ரஷ்ய இளவரசர்களை 1223இல் கால்கா ஆற்றங்கரையில் நொறுக்கிய இருவரில் ஒருவன் இந்த ஜெபே. மற்றவன் ஜெல்மேயின் தம்பி சுபுதாய்.

தாத்தார்களை வென்றதும் நடந்தது கொடூரம். வண்டிச் சக்கரத்தின் கடையாணி உயரத்தைத் தாண்டிய ஆண்கள் எல்லோரையும் கொல்வது என்று குடும்ப ஆலோசனையில் முடிவானது. தம்பி பெல்குதெய் அதை வெளியே உளறிவிட, தாத்தார்கள் சாகத் துணிந்து சண்டையிட்டார்கள். இனி ஆலோசனைக் கூட்டத்தில் பெல்குதெய்க்கு இடமில்லை என்று தீர்ப்பானது. மிச்சமிருந்த பெண்களும் குழந்தைகளும் மங்கோலியர்களுக்குள் கரைக்கப்பட்டார்கள். தெமுஜினே இரண்டு தாத்தார் சகோதரிகளை மணந்தான். ஒரு இனத்தை அழிப்பதும் உள்வாங்குவதும் அவனுக்கு ஒரே நடவடிக்கையின் இரண்டு பாதிகள். இதில் மனிதநேயத்தைத் தேடுகிறவர்களும் வெறும் வெறியைத் தேடுகிறவர்களும் ஏமாந்துதான் போவார்கள்.

1203இல் எல்லாம் தலைகீழானது. தொக்ருலுக்கு அப்போது ஓங் கான் என்ற பட்டம். மகனின் பேச்சையும் ஜமுக்காவின் தூண்டுதலையும் கேட்டு அவன் தெமுஜின் மேல் பாய்ந்தான். படை சிதறி, ஒரு கைப்பிடி ஆட்களோடு தெமுஜின் பால்ஜுனா நீர்நிலைக்கு ஒதுங்கினான். அங்கே சேற்றுத் தண்ணீரைக் குடித்து உறுதிமொழி எடுத்தவர்களில் அவன் குலத்தார் மிகக் குறைவு. கெரெயித்கள் இருந்தார்கள், கித்தான்கள் இருந்தார்கள், முஸ்லிம்கள் இருந்தார்கள். ஹசன் என்ற வணிகர் ஆயிரம் ஆட்டுக்கிடாக்களையும் ஒரு வெள்ளை ஒட்டகத்தையும் ஓட்டிக்கொண்டு, சேபிள் தோல் வாங்க வந்தவர், அந்தத் தண்ணீர்க்கரையில்தான் தெமுஜினைச் சந்தித்தார். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் விருந்தில் மூழ்கியிருந்த ஓங் கானைச் சுற்றிவளைத்து மூன்று நாளில் கெரெயித் நாட்டையே முடித்தான். 1204இல் நைமன். சில காலத்தில் ஜமுக்காவை அவன் ஆட்களே பிடித்துக் கொண்டுவந்து ஒப்படைக்க, தெமுஜின் முதலில் அந்தத் துரோகிகளைக் கொன்றான். பிறகு ரத்தம் சிந்தாத மரணத்தை நண்பனுக்குக் கொடுத்தான்.

1206இல் ஓனோன் நதி பிறக்கும் இடத்தில் கூடிய குருல்தாய் என்ற தலைவர்கள் பேரவையில் தெமுஜின் செங்கிஸ் கான் ஆனான். வரலாற்றுப் பாடங்களில் முடிசூட்டு விழா மட்டும்தான் இருக்கும். உண்மையான புரட்சி அன்று அறிவித்த பட்டியலில் இருந்தது. மொத்த மக்களும் 95 'ஆயிரங்களாக'ப் பிரிக்கப்பட்டார்கள். பத்துப் பேர், நூறு பேர், ஆயிரம் பேர், அதற்கு மேல் பத்தாயிரம் என்ற பதின்ம முறை புல்வெளிக்குப் பழையது. பழைய முறையில் ஒவ்வொரு பிரிவும் ஒரு குலமாகவே இருக்கும். செங்கிஸ் கான் தோற்ற குலங்களை எல்லாம் கலைத்து வெவ்வேறு ஆயிரங்களுக்குள் சிதறடித்தான். ஒருவன் தன் பிரிவை விட்டு இன்னொன்றுக்குப் போனால் மரண தண்டனை. போர்த்தே பிறந்த ஒங்கிராத் போன்ற சம்பந்தி வீடுகள் கலைக்கப்படாமல் முழுசாக இருந்தன. அது விதிவிலக்கு. ஓங் கானின் திட்டத்தை ஓடிவந்து எச்சரித்த குதிரை மேய்ப்பர்கள் பதாய், கிஷிலிக் இருவரும் ஆயிரவர் தலைவர்கள் ஆனார்கள்.

இதற்குப் பூட்டு, கான் தன்னைச் சுற்றி நிறுத்திய 10,000 பேர் கொண்ட காவற்படை. தலைவர்களின் மகன்கள் அதில் சேவை செய்தாக வேண்டும். மரியாதை பெரியது: காவற்படையின் சாதாரண வீரன்கூட வெளியே உள்ள ஆயிரவர் தலைவனுக்கு மேல். பிணைக்கைதி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாளைய அமைச்சர்களும் ஆளுநர்களும் இந்தக் கூடாரத்தைச் சுற்றித்தான் வளர்ந்தார்கள். நைமன்களிடம் முத்திரைக் காவலராக இருந்த உய்குர் எழுத்தர் தாத்தா தொங்கா மங்கோலிய மொழியை உய்குர் எழுத்தில் எழுதக் கற்றுக்கொடுத்தார். கான் கடைசிவரை எழுத்தறியாதவன்; பிள்ளைகளைப் படிக்கவைத்தான்.

இப்படிப்பட்ட படைக்கு ஒரு சிக்கல் உண்டு. குலச் சொத்து என்ற பிடிமானம் போய்விட்டது, சம்பளமும் கிடையாது. பங்கு பிரிக்கக் கொள்ளை வந்துகொண்டே இருந்தால்தான் விசுவாசம் நிற்கும். புல்வெளிக்குள் இனி கொள்ளையடிக்க ஆளில்லை. அதனால் அவன் வெளியே திரும்பியதில் ஆச்சரியமில்லை. உலகை ஆளும் கனவு 1206இலேயே இருந்தது என்று நான் நம்பவில்லை. அது வெற்றிகளோடு சேர்ந்து வளர்ந்த கனவு. நடு மங்கோலியாவின் மரவளையங்களை ஆராய்ந்தவர்கள் 1211 முதல் 1225 வரை வழக்கத்துக்கு மாறாக நல்ல மழை பெய்தது என்று காட்டியிருக்கிறார்கள். ஒரு வீரனுக்கு மூன்று முதல் ஐந்து குதிரைகள் தேவைப்பட்ட படைக்குப் புல் செழித்தது பெரிய வரம்தான். ஆனால் மழை எல்லோர் நிலத்திலும்தான் பெய்தது.

இன்றைய வடமேற்குச் சீனத்தில் இருந்த மேற்கு ஸியா அரசின் மீதான 1209 படையெடுப்பு கோட்டை முற்றுகையில் ஒரு பயிற்சி வகுப்பு. மஞ்சள் நதியைத் திருப்பித் தலைநகரை மூழ்கடிக்கப் போய், கரை உடைந்து தண்ணீர் மங்கோலியர் முகாமுக்குள்ளேயே புகுந்தது. ஆனாலும் ஸியா மன்னர் மகளைக் கொடுத்துப் பணிந்தார். 1211இல் வட சீனத்தின் ஜின் பேரரசு. சுமார் 5 கோடி மக்கள் கொண்ட நாட்டின் மீது, மொத்த மக்கள்தொகையே பத்து லட்சத்தைத் தாண்டாத ஒரு மேய்ச்சல் கூட்டம் மோதியது. அங்கும் உடைப்பு வேலைதான் உதவியது: ஜின்னை ஆண்ட ஜூர்சென் இனத்தாரை வெறுத்த கித்தான்களும், சலுகை கிடைக்காத சீனத் தளபதிகளும், முற்றுகைக் கருவி செய்யத் தெரிந்தவர்களும் பக்கம் மாறினார்கள். 1215இல் இன்றைய பெய்ஜிங் இருக்கும் இடத்திலிருந்த ஜோங்து விழுந்தது. ஜின் முழுதாக ஒழிய 1234 ஆனது. அதைப் பார்க்கக் கான் உயிரோடில்லை.

மத்திய ஆசியாவின் முஸ்லிம் பேரரசான குவாரஸ்மியத்தோடு நடந்த போர் இந்தக் கதையின் கண்ணாடி. 1218இல் 450 பேர் கொண்ட வணிகக் கூட்டம் செங்கிஸ் கானின் பொருள்களோடு சிர் தரியா கரையின் ஒத்ராருக்கு வந்தது. பெரும்பாலும் முஸ்லிம்கள். ஆளுநர் இனால்சுக் அவர்களை ஒற்றர்கள் என்று சொல்லிக் கொன்று சரக்கைப் பறித்தான். கான் உடனே பாயவில்லை. ஆளுநரை ஒப்படைக்கக் கேட்டுத் தூதர்களை அனுப்பினான். குவாரஸ்மியத்தை ஆண்ட சுல்தான் முகம்மது ஒரு தூதரைக் கொன்று மற்றவர்களை அவமானப்படுத்தித் திருப்பினார்.

சுல்தான் ஏன் இவ்வளவு முட்டாள்தனமாக நடந்துகொண்டார்? இனால்சுக் சுல்தானின் தாய் தெர்கென் கத்தூனின் உறவினன். படையின் முதுகெலும்பாக இருந்த கிப்சாக் துருக்கியர்கள் அந்த அம்மாள் பிறந்த வழியினர். அவனை ஒப்படைத்தால் தாயார் வீட்டார் கலகம் செய்வார்கள். அதே பயத்தால் தன் பெரும்படையை ஒரே தளபதியின் கீழ் திரட்டவும் துணியாமல், நகரம் நகரமாகப் பிரித்து உட்காரவைத்தார். பாரசீகம் முதல் சிர் தரியா வரை ஆண்ட சுல்தான் சொந்தக்காரர்களுக்குப் பயந்து முடங்கினார். எதிரே வந்தவன் அந்தப் பயத்தை இருபது வருஷம் முன்பே தீர்த்துக்கொண்டவன்.

படைகள் ஒத்ராரைச் சூழ்ந்திருக்கும்போதே கான் கிஸில்கும் பாலைவனத்தைக் கடந்து, யாரும் எதிர்பாராத திசையிலிருந்து 1220 பிப்ரவரியில் புகாராவின் முன் நின்றான். மார்ச்சில் சமர்கந்து. அங்கிருந்து 30,000 கைவினைஞர்களைப் பிரித்தெடுத்துக் கிழக்கே அனுப்பினான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி எழுதுகிறார். சுல்தான் ஓடி ஓடிக் கடைசியில் காஸ்பியன் கடல் தீவு ஒன்றில் இறந்தார்.

அடுத்த ஆண்டு, மெர்வும் நிஷாப்பூரும் இருந்த குராசான் பகுதி பட்ட பாட்டை மழுப்பக் கூடாது. மெர்வ் சரணடைந்த பின்னும் மக்களை வெளியே ஓட்டிப் பிரித்துக் கொன்றார்கள். பிணங்களை எண்ணியவர்கள் 13 லட்சம் என்றார்கள் என ஜுவைனி சொல்கிறார். அந்தக் காலத்து எந்த நகரமும் அவ்வளவு பேரைத் தாங்கியிருக்காது, எண்ணிக்கை மிகைதான். மிகை என்பதால் கொலை குறைந்துவிடாது. கானின் மருமகன் ஒருவன் அம்பு பட்டுச் செத்ததற்காக நிஷாப்பூரில் நாய், பூனையைக்கூட விடவில்லையாம். தானாகப் பணிந்த ஊர் பிழைத்தது, எதிர்த்த ஊர் அழிந்தது என்று சொல்வது பாதி உண்மை. பணிந்து பின் கலகம் செய்த ஊர்களுக்கும், இடையில் சிக்கிய ஊர்களுக்கும் அந்த விதி உதவவில்லை.

சுல்தானின் மகன் ஜலாலுத்தீன் மட்டும் பர்வானில் மங்கோலியப் படையை முறியடித்தான். வெற்றி பெற்ற அன்றே அவன் தளபதிகள் கொள்ளையில் கிடைத்த குதிரைக்காகச் சண்டையிட்டுப் பிரிந்து போனார்கள். தாத்தார் போருக்கு முன் தெமுஜின் போட்ட உத்தரவு எதைத் தடுக்கப் போட்டதோ, அது அப்படியே இங்கே நடந்தது. 1221 நவம்பரில் சிந்து நதிக்கரையில் மடக்கப்பட்ட ஜலாலுத்தீன் குதிரையோடு ஆற்றில் குதித்து அக்கரை சேர்ந்தான். தில்லி சுல்தான் இல்துத்மிஷ் அவனுக்கு அடைக்கலம் தர மறுத்தார். செங்கிஸ் கான் இந்தியாவுக்குள் இறங்காததற்கு இந்தச் சாமர்த்தியமும் ஒரு காரணம். வெக்கையும் குதிரைத் தீவனமும் மற்றவை.

இன்றைய மங்கோலியாவில் அவன் படம் நாணயத்தாளில் இருக்கிறது. 40 மீட்டர் உயரக் குதிரைவீரன் சிலை 2008இல் எழுந்தது. சோவியத் செல்வாக்கின் காலத்தில், 1962இல், அவன் பிறந்த 800ஆவது ஆண்டைக் கொண்டாடியதற்காக ஆளும் கட்சியின் மூத்த தலைவர் ஒருவரே பதவி இழந்தார். மெர்வின் இடிபாடுகள் துர்க்மெனிஸ்தானில் இருக்கின்றன. அங்கே நின்று யோசிப்பவர்களுக்குக் கான் வேறு ஆள்.

வாரிசுப் பேச்சு 1219இல், மேற்குப் போருக்குக் கிளம்புமுன் எழுந்தது. தாத்தார் மனைவிகளில் ஒருத்தியான யெசுய்தான் துணிந்து கேட்டாள்: உங்களுக்குப் பின் யார்? கான் மூத்த மகனைப் பேசச் சொன்னதும், இரண்டாமவன் சகதாய் எழுந்து, இந்த மெர்கித் பிள்ளையா நம்மை ஆள்வது என்றான். ஜோச்சி அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்தான். பழைய தோழர்கள் போகுர்ச்சுவும் முகாலியும் ஆளுக்கொருவனைப் பிடித்து இழுத்தார்கள். கான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். சமரசமாக மூன்றாம் மகன் ஒகதாய் வாரிசானான். இரண்டு வருஷம் கழித்து, குவாரஸ்மிய நகரமான குர்கஞ்சின் முற்றுகையில் ஜோச்சியும் சகதாயும் ஒத்துப்போகாமல் மாதக்கணக்கில் படை வீணாக மடிந்தது. ஒகதாயைத் தலைமைக்குப் போட்ட பிறகே நகரம் விழுந்தது.

1227 ஆகஸ்டில், மீண்டும் கலகம் செய்த மேற்கு ஸியாவை நசுக்கும்போது செங்கிஸ் கான் இறந்தான். புதைத்த இடம் இன்றுவரை தெரியாது. அவன் விட்டுச்சென்ற படை 1,29,000 என்று கணக்குத் தருகிறார் பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன். குலங்களைக் கலைத்துக் கலந்து உருவாக்கிய அந்தப் படை, புல்வெளி வழக்கப்படி குடும்பச் சொத்தாகப் பிரிக்கப்பட்டது. தந்தையின் அடுப்பைக் காக்கும் கடைக்குட்டி தொலுய்க்கு 1,01,000. ஜோச்சி, சகதாய், ஒகதாய் வீடுகளுக்கு ஆளுக்கு 4,000. மிச்சம் மற்ற உறவுகளுக்கு. 1251இல் தொலுய்யின் மகன்கள் ஒகதாய் வீட்டிடமிருந்து அரியணையைப் பறித்து, எதிர்த்த பங்காளிகளைக் கொன்றார்கள். 1262இல் ஜோச்சியின் மகன் பெர்கேயும் தொலுய்யின் மகன் ஹுலாகுவும் காக்கசஸ் மலைப் பக்கம் ஒருவர் படையை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.